செபால ஏக்கநாயக்கவின் கதைக்குச் சிரிக்கலாமா?

மழைக்கோட்டு (ஹட்டன்) கேட்டது:

தீபாவளிக்கு எல்லோரும் பெரியப்பா வீட்டில் கூடியிருந்தோம். வெளியே மழை, உள்ளே கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் பெரியப்பா கதை சொல்ல உட்கார்ந்துவிடுவார். இந்த முறையும் அவருடைய பழைய கதைதான். 1982இல் நம் இலங்கைக்காரர் ஒருவர் தனியாளாக ஒரு இத்தாலிய ஜம்போ விமானத்தையே மடக்கிய கதை. டில்லியில் ஏறி, பேங்கொக்கில் விமானத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, மூன்று லட்சம் டொலரும் இத்தாலியில் இருந்த மனைவியும் மகனும் வேண்டும் என்று கேட்டு, கேட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு, கட்டுநாயக்க விமான நிலையத்தில் வீரனைப் போல வந்து இறங்கிய செபால ஏக்கநாயக்க. பெரியப்பா எழுந்து நின்று நடித்தே காட்டுவார். "பொண்டாட்டியைக் கூட்டிவர பிளேனைப் பிடிச்சவன் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான்டா" என்று முடிப்பார். சின்ன வயதில் இருந்து அந்த இடத்தில் சிரித்து வருகிறேன்.

நான் டியூஷன் சொல்லிக் கொடுக்கிறவன். லீவு முடிந்து வந்த தரம் 10 பிள்ளைகளிடம் அதே கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும், "சார், அந்த பிளேன்ல இருந்தவங்க பேரெல்லாம் என்ன?" என்று கேட்டாள். விமானத்தில் 261 பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பெயர் தெரியாது. அன்று இரவு மற்றக் கடத்தல்களையும் யோசித்துப் பார்த்தேன். கடத்தியவன் பெயர், இயக்கத்தின் பெயர், போய் மீட்ட அதிரடிப் படையின் பெயர் எல்லாம் வாயில் வருகிறது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பெயரும் வரவில்லை.

அதனால் கேட்கிறேன். யாரும் சாகாத கடத்தலைச் சிரிப்புக் கதையாகச் சொல்வதில் தவறு இருக்கிறதா? அப்புறம், இப்படி ஒரு கடத்தலில் தாங்களோ வீட்டு ஆட்களோ அகப்பட்டவர்கள் இங்கே யாராவது உண்டா? புள்ளிவிவரம் வேண்டாம். அதை நானே தேடிக்கொள்வேன்.


நானுஓயா ஸ்டேஷன்:

தம்பி, தீபாவளிக் கதைக்கெல்லாம் வழக்குப் போடாதீர்கள்.

1982இல் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தோட்டத்தில் இந்தச் செய்தி வந்த அன்று இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து கிழவர்கள் கைதட்டிச் சிரித்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஏன் சிரித்தார்கள் என்று யோசித்தீர்களா? லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப் பேருக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத காலம் அது. தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரித்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் பேர் வந்தவர்கள் தகரப் பெட்டியோடு தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று எங்கள் குடும்பமே இரண்டாகப் போனது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு துண்டுக் கடதாசிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சனம். தனக்கு விசா தராத இத்தாலி அரசாங்கத்தை ஒருத்தன் மண்டியிட வைத்துவிட்டான் என்று கேட்டால் அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அதில் ஒரு உயிரும் போகவில்லை. மிச்சத்தை விடுங்கள்.


பழைய கோப்பு (நுவரெலியா):

நானுஓயாக்காரர் சொன்ன காரணம் உண்மைதான். என் அப்பாவும் அதே காரணத்துக்காகச் சிரித்தார். ஆனால் நீதிமன்ற எழுதுவினைஞராக முப்பது வருடம் கோப்புக் கட்டியவன் என்பதால் ஒன்றிரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

அவர் வந்து இறங்கியபோது அவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்றே இங்கே தெரியவில்லை. கடத்தலுக்கென்று சட்டம் கிடையாது. அதற்காகவே விமானங்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய 1982ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தை அவசரமாகக் கொண்டுவந்து, முன்தேதியில் இருந்து செல்லும்படி செய்தார்கள். செய்தபோது குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பிறகு தண்டிக்கலாமா என்று அப்போது பெரிய வாதம் நடந்தது. அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரையில் அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. உலக நாடுகள் எல்லாம் குற்றம் என்று ஏற்றுக்கொண்ட ஒன்றானால் முன்தேதியிட்டும் தண்டிக்கலாம். கடத்தல் அந்த வகையில் வந்தது. சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். அதிலும் பாருங்கள், படிப்பது அவருடைய உரிமையைப் பற்றி. 261 பேரும் கோப்பில் ஒரு எண்தான்.

"யாரும் சாகவில்லை" என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தன்னிடம் குண்டு இருக்கிறது என்றுதான் அவர் சொன்னார். இல்லை என்பது முடிந்த பிறகு தெரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அந்த மணித்தியாலங்கள் முழுவதும் குண்டு இருந்தது.

இதே பொய்யை 1996 நவம்பர் 23இல் எத்தியோப்பிய விமானம் 961இல் மூன்று பேர் சொன்னார்கள். அவர்கள் குண்டு என்று காட்டியது ஒரு மதுப் போத்தல். அவுஸ்திரேலியாவுக்கு ஓட்டு என்றார்கள். அடிஸ் அபாபாவில் இருந்து நைரோபிக்குப் போகத்தான் எண்ணெய் இருக்கிறது என்று கப்டன் எவ்வளவோ சொல்லியும் நம்பவில்லை. எண்ணெய் தீர்ந்து கொமோரோ தீவுக் கரையோரமாகக் கடலில் விழுந்தது. 175 பேரில் 125 பேர் போனார்கள். இதில் எனக்கு மறக்காத ஒன்று, விழுந்த பிறகும் உயிரோடு இருந்தவர்கள் பலர் செத்த விதம். பயத்தில் உயிர்காப்பு அங்கியை விமானத்துக்கு உள்ளேயே ஊதிக்கொண்டார்கள். தண்ணீர் ஏறியதும் அங்கி அவர்களைக் கூரையோடு கூரையாகத் தூக்கிவிட்டது. கீழே குனிந்து கதவுக்குப் போக முடியவில்லை. ஒரு மதுப் போத்தலுக்குப் பயந்து ஊதிய காற்று.

பேங்கொக்கில் அதிர்ஷ்டம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.


சுபா (பண்டாரவளை):

பெயர் கேட்ட பிள்ளைக்கு மூன்று பெயர் சொல்லுங்கள் சார்.

நீர்ஜா பானொட். 1986 செப்டம்பர் 5, கராச்சியில் நின்ற பான் ஆம் 73. விமானப் பணிப்பெண். விமானிகள் மேல் வழியாக இறங்கிப் போன பிறகு விமானத்தில் பொறுப்பாக மிஞ்சியவர் அவர்தான். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுகளை ஒளித்து வைத்தவர்கள் அவரும் கூட இருந்த பணிப்பெண்களும். அவரைச் சுட்டுக் கொன்றபோது 23 வயது நிறைய இரண்டு நாள் இருந்தது.

யுர்கன் ஷுமான். 1977 ஒக்டோபர், லுஃப்தான்சா 181இன் கப்டன். ஏடனில் சக்கரத்தைப் பார்க்கக் கீழே இறங்கினார். ஓடியிருக்கலாம், திரும்பி ஏறினார். பயணிகள் முன்னால் முழங்காலில் வைத்துச் சுட்டார்கள்.

ருபின் கட்யால். 1999 டிசம்பர் 24, காத்மண்டுவில் இருந்து வந்த இந்தியன் எயர்லைன்ஸ் 814. 25 வயது, தேனிலவு முடிந்து வந்துகொண்டிருந்தார். அவர் மனைவியும் அதே விமானத்தில்தான். காந்தஹாரில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தபோதும் கணவரைக் கொன்றுவிட்டது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வீடு திரும்பிய பிறகுதான் சொன்னார்கள். இதை நான் எப்போது நினைத்தாலும் அந்த ஒரு வாரத்தில்தான் போய் நிற்கிறேன்.


கொழுந்துக்கூடை (பொகவந்தலாவ):

தம்பி, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நீளமாக இருக்கும். நான் ஒரு விரலால்தான் தட்டுவேன், பேத்தி பிழை திருத்தித் தருகிறாள்.

நான் 1986இல், இருபத்திரண்டு வயதில், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். ஹவல்லி என்ற இடத்தில் ஒரு வீடு. அங்கே எஜமானியை "மாமா" என்று கூப்பிட வேண்டும், எஜமானரை "பாபா". ஒரு பொம்பளையை மாமா என்று கூப்பிட வாய் வராமல் முதல் ஒரு வாரம் நான் பட்ட பாடு தனிக்கதை. மாமாவின் அம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தார். அவரை எல்லோரும் யும்மா என்பார்கள். நல்ல மனுஷி. நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும், "உன் அம்மா பறித்த இலைதானா இது?" என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் சாயா குடிப்பார்.

1988 ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமை. யும்மாவின் கடைசி மகன் பேங்கொக்கில் இருந்து வருகிற நாள். சோறு ஆக்கி, மீன் பொரித்து வைத்திருந்தேன். பிளேன் வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு தெரிந்தது, குவைத் எயர்வேஸின் 422ஆம் விமானத்தைப் பிடித்து ஈரானில் மஷ்ஹத் என்ற இடத்தில் இறக்கியிருக்கிறார்கள். அந்த விமானத்துக்கு ஜாப்ரியா என்று பெயர். குவைத்தில் இன்றைக்கும் ஜாப்ரியா என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். 1983இல் குவைத்தில் குண்டு வைத்ததற்காகச் சிறையில் இருந்த பதினேழு பேரை விட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. குவைத் அரசாங்கம் கடைசிவரை விடவில்லை. அது சரியா தவறா என்று அந்த வீட்டிலேயே பாபாவும் மாமாவும் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள். பாபா சரி என்றார். மாமா, "உன் தம்பி இருந்தால் இப்படிப் பேசுவாயா?" என்று கத்தியது எனக்குக் கேட்டது. எனக்கு அரபு அந்த அளவுக்கு வந்திருந்தது.

பதினாறு நாள். அதை எப்படிச் சொல்வது? ஒரு விஷயம் சொல்கிறேன். முதல் நாளே யும்மா போனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தொழுகைக்கு எழும்போது பக்கத்தில் வைப்பார், முடிந்ததும் திரும்ப மடியில். மணி அடித்தால் கேட்க வேண்டும் என்று வீட்டில் ஒரு சத்தமும் வரக்கூடாது என்றுவிட்டார். தூசு உறிஞ்சுகிற மெஷின் போடக்கூடாது, துணி மெஷின் போடக்கூடாது, கிரைண்டர் கூடாது. குவைத்தில் அந்த மாதம் மணல் காற்று வேறு. ஜன்னலை எவ்வளவு அடைத்தாலும் மாவு மாதிரி உள்ளே வரும். நான் முழங்காலில் நின்று ஈரத்துணியால் வீடு முழுக்கத் துடைத்தேன், அவ்வளவு துடைத்தும் மறுநாள் காலையில் என் கால் தடம் தரையில் தெரியும். பின்னேரமானால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள். சாவு வீடா, இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அதனால் என்ன பேசுவதென்றும் தெரியாது. சும்மா உட்கார்ந்து சாயா குடிப்பார்கள். இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளைகள். ஒரு நாள் எண்ணினேன், அறுபத்தெட்டு குவளை கழுவியிருக்கிறேன். அதுவும் சத்தம் வராமல்.

மஷ்ஹத்தில் பெண்கள் உட்படப் பலரை இறக்கி விட்டார்கள். இவர் வரவில்லை. பிறகு பெய்ரூட்டுக்குப் போனார்கள், அங்கே இறங்க விடவில்லை. அப்புறம் சைப்பிரஸ் தீவில் லார்னகா. அங்கேதான் கொன்றார்கள். ஒரு குவைத் பயணியைச் சுட்டு, விமானக் கதவால் கீழே தரையில் போட்டார்கள்.

செய்தி வந்தது, யார் என்று அந்த வீட்டுக்குத் தெரியவில்லை. பாபா டிவியை அணைத்துவிட்டார். யும்மா அழவில்லை. "என்ன நிறச் சட்டை?" என்று கேட்டார். பாபாவிடம் கேட்டார், மாமாவிடம் கேட்டார், போனில் பேசுகிறவர்களிடம் எல்லாம் கேட்டார், கடைசியில் என்னிடமும் கேட்டார். "நீ பார்த்தாயே, என்ன நிறம்?" நான் பார்க்கவில்லை. சமையலறையில் இருந்தேன். பொய்யாகவாவது ஒரு நிறம் சொல்லலாமா என்று நினைத்தேன், எந்த நிறத்தைச் சொன்னால் அவருக்கு நிம்மதி என்று தெரியாததால் சொல்லவில்லை.

பிறகு போன் வந்தது. வேறொரு குடும்பத்துப் பிள்ளை. மாமா கேட்ட உடனே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சொன்ன வேகத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டார். ஒரு தாய் அந்த நேரம் இதே ஊரில் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள், நான் என்ன வார்த்தை சொல்லிவிட்டேன் என்று அதற்குப் பிறகுதான் அழுதார். இரண்டு நாள் கழித்து இரண்டாவது ஆளையும் கொன்று போட்டார்கள். அதுவும் எங்கள் ஆள் இல்லை. அந்த முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யும்மா மட்டும் அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் தொழுதார்.

சித்திரைப் புத்தாண்டு அன்று விமானம் அல்ஜியர்ஸில் நின்றது. எனக்குப் புத்தாண்டு என்பதே இரவுதான் ஞாபகம் வந்தது. பிறகு நோன்பு தொடங்கியது. தொடங்கி இரண்டு மூன்று நாள், 20ஆம் தேதி, விட்டுவிட்டார்கள். கடத்தியவர்களும் எங்கேயோ இறங்கிப் போய்விட்டார்கள். யும்மா போனை மடியில் இருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மெஷினைப் போடு" என்றார். அந்தத் தூசு மெஷின் சத்தத்தைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவர் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மணிக்கட்டில் கயிறு கட்டிய இடம் கறுத்திருந்தது. அது ஒரு மாதத்தில் போய்விட்டது. போகாதது ஒன்று இருந்தது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, கழுவப் போகவோ தண்ணீர் எடுக்கவோ எழுவதற்கு முன்னால், அவருடைய வலது கை தானாக, காதளவுக்கு மேலே போகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளை டீச்சரிடம் கேட்கிற மாதிரி. பிளேனில் கக்கூசுக்குப் போக அப்படிக் கேட்க வேண்டுமாம். கை மேலே போனதை அவரே பார்ப்பார், பார்த்துவிட்டுத் தலையைச் சொறிகிற மாதிரி மாற்றுவார். எல்லோரும் சோற்றைப் பார்ப்பார்கள். நானும் தட்டைப் பார்ப்பேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மே மாதம் கடைசியில் ஊரில் இருந்து கடிதம் வந்தது. எங்கள் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, கணக்கப்பிள்ளையைப் பிடித்து எழுதியிருந்தார். ஏப்ரலில் எழுதிய கடிதம். லயத்தில் யாரோ பெட்டரி ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்டிருக்கிறார்கள். "குவைத் விமானம் கடத்தல்" என்று வந்திருக்கிறது. அம்மாவுக்குக் குவைத் என்றால் நான். அது பேங்கொக்கில் இருந்து போன விமானம், நம் ஊர்ப் பக்கமே வராதது என்றெல்லாம் எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. போன் கிடையாது. நான் பிளேனில்தான் இருக்கிறேன் என்று முடிவு பண்ணிவிட்டார். நாலு நாள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகவில்லை, பேர் விழவில்லை, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை. ஐந்தாம் நாள் கங்காணி வந்து சத்தம் போட்ட பிறகு போயிருக்கிறார், கொழுந்து எடுத்தபடியே அழுதாராம். தோட்டத்து மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டார். கடிதத்தில் கடைசி வரி இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது: "நீ அந்த பிளேனில் இருந்தால் பத்திரமாக இறங்கிக்கொள். திரும்பி வரும்போது கப்பலில் வா."

நான் ஊருக்கு வந்தபோது அம்மாவின் உள்ளங்கையில் தழும்பு இருந்தது. வேப்பிலையைச் சரியாக வைக்காமல் சட்டியைத் தூக்கிவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த இரண்டு விரலும் முழுக்க மடங்கவில்லை, கொழுந்து எடுப்பது குறைந்துபோனது, நிறுவையில் ஏச்சு.

ஜாப்ரியாவில் செத்தவர்கள் இரண்டு பேர் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது சரிதான். எங்கள் அம்மாவின் விரலை யாரும் எண்ண மாட்டார்கள், எண்ணவும் வேண்டாம். ஆனால் உங்கள் பெரியப்பாவின் கதையில் 261 பேர் என்று வருகிறபோது, எனக்கு அத்தனை பேர் வீட்டு போனும் கண்ணில் வருகிறது. அதனால் எனக்குச் சிரிப்பு வராது. அவர் சிரித்தால் நான் கோபிக்கவும் மாட்டேன்.


நோர்ட்டன் பாலம்:

அக்கா எழுதியதைக் காலையில் பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. இது கடத்தல் இல்லை, விபத்து. 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவில் இருந்து ஹஜ்ஜுக்குப் போன மார்ட்டினேர் விமானம் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டியது, ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 இந்தோனேசிய யாத்திரிகர்கள், 9 ஊழியர்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. அப்பா மலையேறிப் போனவர்களில் ஒருவர். அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. ஒரே ஒரு முறை, மரக்கிளையில் ஒரு தொழுகை மாலை தொங்கியது என்றார், அத்தோடு எழுந்து மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டார். அந்த விமானத்தின் டயர் ஒன்று இன்றும் நோர்ட்டனில் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் நாலு வருடம் ஜோகூர் பாருவில் பெக்டரி வேலை செய்தேன். அங்கே ஜாலான் கெபுன் தே என்று ஒரு வீதி. கெபுன் தே என்றால் தேயிலைத் தோட்டம். பெயரைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்து சும்மா நடந்து போனேன். தேயிலை ஒரு செடியும் இல்லை. ஒரு நினைவிடம் இருந்தது. 1977 டிசம்பர் 4 அன்று பினாங்கில் இருந்து கோலாலம்பூருக்குப் பறந்த மலேசிய விமானம் 653ஐக் கடத்தினார்கள், அது தஞ்சோங் குபாங் என்ற இடத்தில் விழுந்து 100 பேரும் இறந்தார்கள். யாரை யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையில் எல்லோரையும் ஒன்றாக அங்கே புதைத்திருக்கிறார்கள். ஒரு அமைச்சர், ஒரு தூதுவர், மற்றது நம்மைப் போன்ற சனம், எல்லோரும் ஒரே குழியில்.

கடத்தியது யார், எதற்காக என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. பெயர் கேட்ட அந்தப் பிள்ளையிடம் இதையும் சொல்லுங்கள் சார். கடத்தியவன் பெயர் யாருக்கும் தெரியாமல், செத்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிற ஒரு கடத்தலும் உண்டு.

தேதியைக் கவனித்தீர்களா? இரண்டும் டிசம்பர் 4. நான் அங்கே நின்றபோது அதுதான் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அர்த்தம் ஒன்றும் இல்லை, தெரியும். இருந்தாலும்.


நானுஓயா ஸ்டேஷன்:

அக்கா, உங்கள் அம்மாவின் கடிதத்தை வாசித்த பிறகு நான் முதலில் எழுதிய "மிச்சத்தை விடுங்கள்" என்பதை வாபஸ் வாங்குகிறேன். கிழவர்கள் சிரித்ததை வாபஸ் வாங்க மாட்டேன். அவர்களுக்கு அன்று சிரிக்க வேறு எதுவும் இருக்கவில்லை.


மழைக்கோட்டு (ஹட்டன்):

எல்லோருக்கும் நன்றி. சுபா அக்காவின் மூன்று பெயரையும் போர்டில் எழுதினேன். பெரியப்பாவுக்கு கொழுந்துக்கூடை அக்கா எழுதியதைப் போனில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தத் தாய் கப்பல்ல வரச் சொன்னது சரிதான், எங்க சனத்துக்குத் தெரிஞ்சது கப்பல்தானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அக்கா, அந்தக் கையை உயர்த்துகிற பழக்கம் அவருக்குப் பிறகு போனதா? அம்மாவின் கடிதம் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?


கொழுந்துக்கூடை (பொகவந்தலாவ):

தெரியாது தம்பி. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் வந்தது. சில நாளில் அந்தக் குடும்பம் சவூதிக்குக் காரில் கிளம்பியது. காரை ஓட்டியது அவர்தான். எனக்குக் காரில் இடம் இல்லை, பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள், அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். கேட்டைத் திறந்துவிட்டது நான். கார் வெளியே போகும்போது அவர் கையை உயர்த்தினார். போய்வருகிறேன் என்று காட்டினாரா, இல்லை அந்தக் கையா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

கடிதம் இல்லை. பாக்தாத் வழியாக ஜோர்தான் எல்லைக்குப் போன பஸ்ஸில் பையோடு போய்விட்டது. அம்மானில் இருந்து பிளேனில்தான் அனுப்பினார்கள், கப்பல் இல்லை. ஏறுவதற்கு முன்னால் அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பேத்தி போனைக் கேட்கிறாள், வைக்கிறேன்.